கொய்யா மரத்து நம்பர்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "வயித்துக்குள்ள இருக்கும்போதே எட்டி ஒதைச்சவ இவ" என்று அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோபத்தால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்கள் ஏராளம். உருப்பட்ட காரியம் ஒன்றைச் சொல் என்றால், ஓர் இணையப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் வந்த ஒற்றை வரியோடு நான் போட்ட சண்டையைத்தான் சொல்வேன்.

கைத்தொலைபேசி மலைக்கு ஏறி வந்த புதிது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று மேசை, மூன்று கம்ப்யூட்டர், மழைக்கு ஒழுகுகிற மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியராக மாற்றலாகி ஊவா மாகாணத்துக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கி, தானாகவே கம்ப்யூட்டர் படித்து, இணையத்தளம் செய்து கொடுக்கிற வேலையைத் தொடங்கியிருந்தார். நான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், அவரிடமே வேலைக்கும் சேர்ந்திருந்தேன்.

அந்த மாதம் அவர் கையில் ஒரு நல்ல வேலை வந்தது. தோட்டங்களில் உள்ள பிள்ளை மடுவங்களுக்கு, அதாவது அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடங்களுக்கு, ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க பதுளையில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியிருந்தார்கள். அதற்கு விண்ணப்பிக்க ஓர் இணையப் பக்கம் வேண்டும். ஒருவரே இரண்டு தரம் விண்ணப்பிக்காதபடி தடுக்கவும் வேண்டும். வழக்கமாக அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தடுப்பார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அடையாள அட்டையே கிடையாதே என்று நிலையத்து அம்மணி ஒருவர் யோசித்திருக்கிறார். பாவம், நல்ல மனசு. அதனால் அடையாள அட்டை வேண்டாம், தொலைபேசி இலக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். முதலாளியும் அப்படியே செய்தார். நான் பக்கத்து மேசையில் ஹப்புத்தளை விடுதியொன்றின் பக்கத்துக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

என் தங்கச்சி அந்தப் பயிற்சிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வயது எல்லையின்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம். அவள் ஏற்கனவே எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கூடமாட உதவிக்கு நின்றாள். அழுகிற பிள்ளை அவள் இடுப்பில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும். இந்தப் பயிற்சி கிடைக்காவிட்டால் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போக வேண்டியதுதான். அதற்கு ஆள் பிடிக்கிறவர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்துபோய்விட்டார். அம்மாவும் பாதி சம்மதித்துவிட்டாள். ஊரான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரான் வீட்டுக் குசினியில் படுப்பாள் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வரும்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனேன். பசறையில் பஸ் மாறி, அந்த வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, தோட்டத்துச் சந்தியில் இறங்கி மேலே ஏறினால், எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் அம்மா பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது, ஏதோ சண்டை. லயத்தில் பக்கத்துக் காம்பராவோடு பேசாமல் இருப்பது சும்மா இல்லை. நடுவில் ஒரு சுவர்தான். அவர்கள் தும்மினால் நமக்குக் கேட்கும், நாம் மிளகாய் வறுத்தால் அவர்கள் இருமுவார்கள்.

"என்னாச்சும்மா?"

"என்னாத்த சொல்ல? பக்கத்துக் காம்பராவாம், பக்கத்துக் காம்பரா! கூடவே இருந்து குழி பறிச்சுப்புட்டாளுக."

தங்கச்சி உள்ளே படுத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. இழுத்து உட்காரவைத்துக் கேட்டேன். பக்கத்துக் காம்பராப் பெண்ணும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பெண் ஒரு வயது இளையவள். இரண்டு பேரும் ஒன்றாகவே பசறைக்குப் போய், கம்ப்யூட்டர் நிலையத்தில் விண்ணப்பம் போடுவதாக இருந்தது. அன்றைக்குப் பார்த்துத் தங்கச்சிக்குக் காய்ச்சல். "நீ போயிட்டு வா, என்னோட சர்டிபிகேட்டையும் போட்டோ கொப்பி எடுத்துட்டு வா" என்று கொடுத்தனுப்பியிருக்கிறாள். காய்ச்சல் விட்டபின் இவள் தனியாகப் போயிருக்கிறாள். எல்லாவற்றையும் நிரப்பி அமத்தியதும் சிவப்பில் வந்திருக்கிறது: "நீங்கள் ஏற்கனவே விண்ணப்பித்துவிட்டீர்கள். நன்றி."

"நான் போடவே இல்லக்கா. அப்ப யாரு போட்டது? என் சர்டிபிகேட்டு யாரு கையில இருந்துச்சு?"

"அவ எதுக்குடி உன் பேர்ல போடப்போறா?"

"ஏதாச்சும் தப்புத்தப்பா எழுதிப் போட்டிருப்பா, எனக்குக் கெடைக்கக்கூடாதுன்னு." சொல்லிவிட்டு அவளே அழுதாள். "அவ அப்படிப்பட்டவ இல்லக்கா. ஆனா கம்ப்யூட்டரே சொல்லுதே."

"இதெல்லாம் எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டியா?"

"எந்தப் போன்ல?" என்றாள்.

அதுவும் சரிதான். எங்கள் லயத்துக்கே ஒரு போன்தான். கொழும்புக் கடையில் வேலை செய்கிற பக்கத்துக் காம்பராப் பையன் வாங்கிக் கொடுத்தது. காம்பராவுக்குள் சிக்னல் கிடையாது. லயத்து முனையில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது, அதன் கீழ்க்கிளையில்தான் இரண்டு கோடு காட்டும். அதனால் விடிந்ததும் போனை ஒரு சீலைப் பையில் போட்டு அந்தக் கிளையில் தொங்கவிட்டுவிடுவார்கள். அடித்தால் பக்கத்தில் இருக்கிற யாராவது எடுத்து, யாருக்கு என்று கேட்டு, கத்திக் கூப்பிடுவார்கள். யாருக்காவது நம்பர் கொடுக்க வேண்டுமென்றால் லயத்தில் எல்லாரும் கொடுப்பது அந்த நம்பர்தான். வெளிநாட்டில் இருக்கிற மகளும் அந்த நம்பருக்குத்தான் எடுப்பாள், ஆஸ்பத்திரியிலிருந்தும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. பக்கத்துக் காம்பராப் பெண் எழுதியதும் கொய்யா மரத்து நம்பர், தங்கச்சி எழுதியதும் கொய்யா மரத்து நம்பர். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே ஆள்.

"அம்மா, அந்தப் புள்ள ஒண்ணும் செய்யல. எங்க ஆபீஸ்ல செஞ்ச பக்கம்தான் தப்புச் சொல்லுது" என்றேன்.

அம்மா திரும்பியே பார்க்கவில்லை. "நீ உன் ஆபீஸ் மேலயே பழியப் போட்டாலும் போடுவ, பக்கத்துக் காம்பராவ விட்டுக்குடுக்க மாட்ட. எல்லாரையும் நல்லவங்கன்னுதான் சொல்லுவ."

என்னைப் பற்றி இப்படி ஒரு குற்றச்சாட்டை என் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னேன், பதுளையில் என்னிடம் ஒரு போன் இருக்கிறது, அந்த நம்பரைப் போட்டு நானே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறேன், ஐந்து நிமிட வேலை என்று.

"வேணாங்க்கா. அதே நம்பர்லயே போகணும். உன் நம்பர்ல போனா, அவதான் கெடுத்தான்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லும். அதே நம்பர்ல எடுத்துக்கிட்டாத்தான் நம்பும்."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்டி."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. அதுக்குத்தான படிச்ச?" என்றாள் கழுதை.

திங்கட்கிழமை காலை மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறினேன். முதலாளி தேத்தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சேர், உங்க பக்கம் பொய் சொல்லுது."

"என்ன பிள்ளை, வந்ததும் வராததுமாச் சண்டைக்கு நிக்கிறீர்?"

நடந்ததைக் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒரு நம்பரில ஒருக்காத்தான் போடலாம் எண்டது நிலையத்து ஆக்கள் தந்த விதி. ரெண்டாந்தரம் வந்தா மறிக்குது. சரியாத்தானே வேலை செய்யுது?" என்றார்.

"மறிக்கட்டும் சேர். 'இந்த நம்பர் முன்னமே இருக்கு'ன்னு சொல்லியிருந்தா என் தங்கச்சி சண்டை போட்டிருக்கமாட்டா. கம்ப்யூட்டருக்கு அது மட்டுந்தான் தெரியும். 'நீ ஏற்கனவே போட்டுட்ட'ன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரியாதத சொன்னா பொய்தான? அதுல நன்றி வேற!"

"ஒரு ஃபோனை எத்தினை பேர் பாவிப்பினம்?"

"எங்க லயத்துல எல்லாரும்."

"எல்லாருமோ?" கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "உம்மட தங்கச்சிக்கு உம்மட நம்பரைப் போட்டு விடுமன். அலுவல் முடிஞ்சுது" என்றார்.

"அலுவல் எனக்கு முடியும். அங்க இன்னும் எத்தனை லயம் இருக்கு சேர்?"

அவருக்கு அது கணக்காகப் பட்டிருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்துப் பசறைக் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு அடித்தார், எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டிவிட்டார். அங்கே இருக்கிற பையன் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னான்.

"ஆமா சேர், அந்தச் செவப்பு எழுத்து நெறைய பேருக்கு வருது. நீங்க ஏற்கனவே போட்டுட்டீங்க, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிருவேன். போயிருவாங்க."

"ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லையோ?"

"எதுக்கு சேர் சண்டை? கம்ப்யூட்டரே சொல்லிருச்சே."

முதலாளி போனை வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்களைச் சின்ன வயதிலிருந்தே பழக்கியது அப்படித்தான். தோட்டத்து ஆபீஸ் சன்னலில் போய் நிற்போம். உள்ளேயிருந்து இல்லை என்றால் ஏன் என்று கேட்கமாட்டோம், படியிறங்கிவிடுவோம். அப்பா இறங்கினார், அம்மா இறங்கினாள். இப்போது ஆபீஸ் சன்னல் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் நாங்கள் இன்னும் படியிறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். யார் யார் இறங்கிப் போனார்கள் என்றுகூட அந்த இணையப் பக்கம் எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

"சேர், நீங்க கணக்குப் பேப்பர் திருத்தின ஆள். பிழைன்னு ஒரு கோடு போட்டுட்டுப் போயிருவீங்களா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் அப்பிடிப்பட்ட வாத்தியோ? பிழை போட்டா, ஏன் பிழையெண்டு பக்கத்தில எழுதிற மனிசன் நான்."

"அப்ப இதுலயும் எழுதுங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நீர் என்னட்டைப் படிச்சிருந்தா எனக்கு அப்பவே தலை நரைச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பயிற்சி நிலையத்து அம்மணிக்கு அடித்தார். அந்த அம்மா விஷயம் கேட்டதும், "ஐயையோ, அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே அப்படிச் செய்தோம்!" என்று பதறிப்போனார். உடனே மாற்றுங்கள் என்றார்.

பிறகு புதன்கிழமை மாலை வரை நானும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டோம். தொலைபேசி எத்தனை பேருக்கும் ஒன்றாக இருக்கலாம் என்று ஆக்கினோம். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாமே ஒத்துப்போனால் மட்டும் பக்கம் நிற்கும். அப்போதும் விரட்டாது, "இதே விவரங்களோடு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அது உங்களுடையதா?" என்று கேட்கும். இல்லை என்றால் எடுத்துக்கொண்டு, பார்க்கச் சொல்லி நிலையத்துக்குத் தனியாகச் சொல்லும். அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது இன்னொன்று. நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்றில் பிழை இருந்தால் முழுப் பக்கமும் வெறுமையாகிவிடும். எழுத்து எழுத்தாகத் தேடி அமத்துகிற பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும், பிழையான கட்டத்துக்குப் பக்கத்திலேயே என்ன குறை என்று சொல்ல வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

வரிகளைத் தமிழில் எழுதும்போதுதான் பெரிய சண்டை. அவர் "செல்லுபடியற்றது" என்று எழுதுவார். நான் அழிப்பேன். "இதை எங்கம்மாவுக்கு வாசிச்சா, யாரு செத்ததுன்னு கேக்கும் சேர்."

"பிழைச் செய்தியில கவிதை எழுதப் போறீரோ?"

"கவிதை வேணாம். மனுசன் மனுசனுக்குச் சொல்ற மாதிரி சொன்னாப் போதும்."

வியாழக்கிழமை புதிய பக்கம் ஏறியது. திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு யார் சொல்வது? முதலாளி மறுபடியும் பசறைப் பையனுக்கு அடித்தார். அவன் விஷயத்தை மடுல்சீமை பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டான். அந்தக் கண்டக்டர், வாழ்க, டிக்கட் கிழிக்கிற இடமெல்லாம் அதைக் கத்திக்கொண்டே போயிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பசறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் நிலையத்து வாசலில் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தங்கச்சியோடு அம்மாவும் வந்திருந்தாள், சிரித்த முகமெல்லாம் இல்லை, என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள் மாதிரி. தங்கச்சி உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அமத்தினாள். தொலைபேசிக் கட்டத்தில் கொய்யா மரத்து நம்பரை எழுதினாள். அனுப்பு என்பதை அமத்தினாள்.

சிவப்பு எழுத்து வந்தது.

அம்மா என் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றாள். தங்கச்சி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள், எழும்பியே விட்டாள்.

"எந்திரிக்காதடி! வாசி!" என்று கத்தினேன். வாசலில் நின்ற பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நின்றபடியே குனிந்து வாசித்தாள். "சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடத்தை இன்னும் நிரப்பவில்லை. மற்றவை எல்லாம் சரியாக இருக்கின்றன."

"மத்ததெல்லாம் சரியாமே!" என்றாள் அம்மா, ஏதோ தன்னையே பாராட்டிவிட்டது போல. தங்கச்சி சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். எழுதியதெல்லாம் அப்படியே இருந்தது. வருடத்தைப் போட்டு மறுபடியும் அமத்தினாள். "உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. இந்த நம்பருக்கு அழைப்போம்" என்று அவளுடைய பெயரோடு பச்சையில் வந்தது. அதன் கீழே கொய்யா மரத்து நம்பர்.

அம்மா அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு எழுத வாசிக்க வராது, ஆனால் அந்த இலக்கங்கள் தெரியும். வெளியே போய்ப் பசறைக் கடையில் பெரிய பையாக வடை வாங்கினாள். லயத்துக்கு வந்ததும் எங்கள் இஸ்தோப்பில் ஏறவில்லை. நேரே பக்கத்துக் காம்பராவுக்குப் போய், வடைப்பையை அங்கே வைத்துவிட்டு, "என்னாடி, வூட்டுல தேத்தண்ணி இருக்கா இல்லையா?" என்று அதட்டினாள். எங்கள் அம்மா மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். அந்தப் பெண் அடுப்படிக்கு ஓடினாள். அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வடையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்ணே எனக்குப் பிற்பாடு சொன்னது. அடுத்த வருடம் அவளும் அதே பயிற்சிக்கு எடுபட்டுப் பதுளைக்கு வந்து, என் அறையில்தான் தங்கினாள். அப்போது சொன்னாள்.

நிலையத்திலிருந்து அழைப்பு வரும் என்று அவள் தினமும் கொய்யா மரத்தடியிலேயே வேலை செய்வாளாம். துணி தோய்ப்பது, அரிசி புடைப்பது எல்லாம் அங்கேதான். ஒரு நாள் முற்பகல் பை அதிர்ந்தது. எடுத்தாள். பயிற்சி நிலையம். "சொல்லுங்க" என்றிருக்கிறாள். போனில் பேசிய அம்மணி சொன்ன பெயர் இவளுடைய பெயர் இல்லை. என் தங்கச்சியின் பெயர்.

"ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா" என்றாள். "வேற பேரு யாரும் இருக்கான்னு கேட்டேன். எங்க தோட்டத்துல இந்தத் தடவ அவ ஒருத்திதான்னு சொல்லிட்டாங்க."

மரத்தடியில் வேறு யாரும் இல்லை. தங்கச்சி கீழே பிள்ளை மடுவத்தில் இருந்தாள். போனை அங்கே கொண்டு ஓடினால் சிக்னல் போய்விடும். அவள் போனை நெஞ்சோடு அழுத்திப் பொத்திக்கொண்டு, தொண்டை கிழிய என் தங்கச்சியைக் கூப்பிட்டாள். "ஒனக்குக் கெடைச்சிருச்சுடி! ஓடியா! ஓடியா!" மேல் லயம் அதைக் கேட்டுக் கீழ் லயத்துக்குக் கத்தியது, கீழ் லயம் பிள்ளை மடுவத்துக்குக் கத்தியது.

போனை மறுபடியும் காதில் வைத்தபோது, போனில் இருந்த அம்மணி குழம்பிப்போய்க் கேட்டாராம், "அப்ப இவ்வளவு நேரமும் என்னோட பேசினது யார்?"

"நான் பக்கத்துக் காம்பராங்க" என்றிருக்கிறாள் இவள். "வச்சிராதீங்க. அவ ஓடியாறா."